யார் பொறுப்பில் குழந்தை?

சென்ற ஆண்டு தை மாதத்தில் நாங்கள் பதினொரு பேர் காசி யாத்திரை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் பெரிய சந்திப்பு நிலையம் ஒன்றில் வண்டி மாற வேண்டியிருந்தது. மூடுபனியின் காரணமாக எங்கள் வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் என்று அறிவித்தார்கள். நடைமேடையில் பெட்டிகளை வட்டமாக அடுக்கி, நடுவே போர்வை விரித்து அமர்ந்தோம். பெரியவர்கள் எட்டுப் பேர்; குழந்தைகள் மூவர். அவர்களுள் இளையவள் எங்கள் நான்கு வயதுப் பேத்தி. எட்டுப் பேர் சூழ்ந்திருக்கையில் ஒரு குழந்தைக்கு என்ன நேர்ந்துவிடப் போகிறது என்பதே எங்கள் அனைவரின் எண்ணமாகவும் இருந்தது.

தண்ணீர் வாங்க எழுந்த அத்தையுடன் குழந்தையும் சென்றிருக்கிறாள் என்று தாய் நினைத்தாள். குழந்தை பாட்டியின் மடியில் உறங்குகிறாள் என்று அத்தை நினைத்தாள். தாத்தா தம் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பாட்டி நினைத்தாள். தாத்தாவோ பயணச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நால்வரின் நினைப்புக்கும் நடுவே குழந்தை எழுந்து நடந்து போய்விட்டாள்.

அதன்பின் கழிந்தவை ஒன்பது நிமிடங்கள். அந்த ஒன்பது நிமிடங்களில் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தோம். புறப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு வண்டியின் பெட்டிகளுக்குள் ஓடினோம். ஒருவரையொருவர் குற்றம் சாட்டினோம். நடைமேடையின் மறுகோடியில், தம் இரு பிள்ளைகளுடன் மூட்டையின்மேல் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி எங்கள் பேத்தியையும் அருகில் அமர்த்திக்கொண்டு, தம் மூத்த மகனை எங்களைத் தேடி அனுப்பியிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. குழந்தைக்கு இந்தி தெரியாது. சைகையால் பெயர் கேட்டபோது தன் செல்லப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அப்பா எங்கே என்று அவர் கேட்டதற்கு “அப்பா” என்ற சொல்லை மட்டும் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த முகவரி அவ்வளவுதான்.

குழந்தை கிடைத்துவிட்டாள். ஆயினும் அந்த ஒன்பது நிமிடங்கள் எங்களை விட்டு இன்னும் அகலவில்லை. எங்கே பிழை நேர்ந்தது என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தோம். எங்களில் எவரும் அன்பில் குறைந்தவர் அல்லர், பொறுப்பற்றவரும் அல்லர். எட்டுப் பேரும் பார்த்துக்கொள்கிறோம் என்று நம்பியிருந்ததால், இன்னார்தான் பார்க்க வேண்டும் என்று எவரையும் குறிக்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கற்றவற்றையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் பயணங்களும் திருவிழாக்களும் மிகுந்த இந்தக் காலத்தில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பொறுப்பைக் கைமாற்றும் முறை

வங்கிக் கிளைக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். காசாளர் தம் இருக்கையை விட்டு எழ நேர்ந்தால் பணப்பெட்டியைப் பூட்டிவிட்டே எழுவார். அவருடைய பொறுப்பை இன்னொருவர் ஏற்கும்போது பணம் எண்ணப்படும்; ஏற்றவர் கையொப்பம் இடுவார். கிளையில் இருபது பேர் இருக்கிறார்களே, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எவரும் விட்டுச் செல்வதில்லை. எந்த நேரத்திலும் அந்தப் பணத்துக்குப் பொறுப்பாளர் இன்னார் என்று பெயர் சொல்ல முடியும்.

பணத்துக்குக் காட்டும் இந்த ஒழுங்கைப் பொது இடத்தில் குழந்தைக்குக் காட்டுகிறோமா? திருமண மண்டபம், கோயில் திருவிழா, கடற்கரை, வணிக வளாகம் என எங்கு சென்றாலும் நாம் கூட்டமாகவே செல்கிறோம். கூட்டம் பெரிதாகும்போது காவலும் கூடுகிறது என்று தோன்றும். உண்மையில் பலர் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவரை நம்பித் தம் கவனத்தைத் தளர்த்திவிடுகிறார்கள். தாயும் குழந்தையும் மட்டும் கடைத்தெருவுக்குப் போனால் தாயின் கை குழந்தையின் கையை விடுவதில்லை. ஆறு பேர் சேர்ந்து போனால் கை விடப்படுகிறது.

இதற்குத் தீர்வு எளியது. ஒரு குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு பெரியவர். அந்தப் பொறுப்பு மாறும்போது அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “நான் கைகழுவப் போகிறேன், குழந்தை உங்கள் பொறுப்பு” என்று ஒருவர் சொல்ல, “சரி, என் பொறுப்பு” என்று மற்றவர் மறுமொழி சொல்ல வேண்டும். மறுமொழி வரும்வரை முதலாமவரின் பொறுப்பு நீங்குவதில்லை. கண் சாடையும் தலையசைப்பும் போதா. பொறுப்பேற்றவர் அந்த நேரத்தில் கைபேசியைப் பார்ப்பதில்லை, பயணச்சீட்டைத் தேடுவதில்லை, பெட்டியை இறக்குவதில்லை. அவருக்கு வேறு வேலை வந்தால் முதலில் குழந்தையை ஒப்படைக்கிறார், பிறகே வேலையைத் தொடங்குகிறார்.

இந்தப் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. முழங்கால் வலியுள்ள பாட்டியால் மடியில் இருக்கும் குழந்தையைப் பேண முடியும்; ஓடும் குழந்தையைத் துரத்த முடியாது. எட்டு வயது அண்ணன் தங்கையை அன்போடு கைப்பிடித்து நடப்பான். ஆனால் பொம்மைக் கடையைக் கண்டால் அவனும் குழந்தைதான். வீட்டு வேலைக்கு உதவியாக வருபவரிடம் குழந்தையையும் இரண்டு பைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு அவரைக் கடிந்துகொள்வது நியாயமன்று. பொறுப்பைக் கொடுக்கும்போது அதை நிறைவேற்றுவதற்கான கையையும் கண்ணையும் விடுவித்துக் கொடுக்க வேண்டும்.

குழந்தையின் கண் மட்டத்தில்

நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். நாம் நின்றபடி நடைமேடையைப் பார்த்தால் தலைகளும் முகங்களும் தெரிகின்றன. அதே இடத்தில் குழந்தைக்குத் தெரிபவை வேட்டிகள், புடவைகள், பைகள், கால்கள். நாம் இரண்டடி தள்ளி நின்றாலும் குழந்தைக்கு நாம் மறைந்துவிடுகிறோம். தாயின் புடவை நிறத்தையே அடையாளமாகக் கொண்டு நடக்கும் குழந்தை, அதே நிறப் புடவை உடுத்திய வேறொருவரின் பின்னே போய்விடுவதும் உண்டு. பல நேரங்களில் குழந்தை நம்மை விட்டு ஓடுவதில்லை. நம்மைத் தொடர்வதாக எண்ணிக்கொண்டே விலகிப் போகிறது.

கூட்டத்தின் இடர் தொலைந்து போவது ஒன்றே அன்று. நகரும் படிக்கட்டில் மென்மையான ரப்பர் செருப்பின் நுனியும், பாவாடையின் ஓரமும் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். அங்கே குழந்தையைப் படியின் நடுவில், முன்னோக்கி நிற்கச் செய்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படியில் உட்காரவிடக் கூடாது.

நீர்நிலைகளில் இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. மூழ்கும் குழந்தை கைகளை வீசிக் கூச்சலிடும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் ஓசையே எழுவதில்லை. மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையால் குரல் எழுப்ப இயலாது. சிறு குழந்தைக்குச் சில அங்குல நீரே போதும், உயிருக்கு ஆபத்து நேர. ஆற்றுப் படித்துறையிலும் அலையோரத்திலும் நீச்சல் குளத்திலும் பொறுப்பாளர் கைநீட்டினால் குழந்தையைத் தொடும் தொலைவில் இருக்க வேண்டும். கரையில் அமர்ந்து பார்த்துக்கொள்வது காவலாகாது.

வாகன நிறுத்தத்தில், “ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்” என்று உறங்கும் குழந்தையைக் காருக்குள் விட்டுச் செல்லும் வழக்கத்தையும் அடியோடு கைவிட வேண்டும். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடங்களிலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயன் ஏதுமில்லை.

புறப்படும் முன்

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடங்கள் செலவிட்டால் போதும். அன்று உடுத்திய உடையுடன் குழந்தையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பெற்ற தாய்க்கே சட்டையின் நிறம் நினைவுக்கு வராது. பெற்றோரின் கைபேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதலாம். அல்லது ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கலாம். சபரிமலை யாத்திரையின்போது பம்பையில் கேரளக் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அதே முறையை நாமும் எந்தப் பயணத்திலும் கைக்கொள்ளலாம். குழந்தையின் பெயரை மட்டும் பையின் வெளிப்புறத்தில் பெரிதாக எழுத வேண்டாம். அறிமுகமில்லாத ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை அவரைத் தெரிந்தவர் என்றே நம்பிவிடும்.

மூன்று வயது முதலே குழந்தைக்குச் சிலவற்றை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம். தன் முழுப் பெயர், தாய் தந்தையின் பெயர், ஊரின் பெயர் ஆகியவை முதற்பாடம். தொலைபேசி எண்ணைப் பாட்டுப்போலச் சொல்லிப் பழக்கினால் ஐந்து வயதுக்குள் மனப்பாடமாகிவிடும். அடுத்த பாடம், காணாமற்போனால் நின்ற இடத்திலேயே நிற்பது. தேடுகிறவரும் தேடப்படுகிறவரும் ஒரே நேரத்தில் நகர்ந்துகொண்டிருந்தால் சந்திப்பது அரிது. மூன்றாவது, யாரிடம் உதவி கேட்பது என்பது. “தெரியாதவரிடம் பேசாதே” என்று மட்டும் சொல்லி வளர்த்தால், தொலைந்த குழந்தை வாய் திறவாமல் அழுதுகொண்டே இருக்கும். சீருடை அணிந்த காவலர், கடையின் கல்லாவில் அமர்ந்திருப்பவர், குழந்தைகளுடன் இருக்கும் ஒரு தாய் ஆகிய மூவரிடமும் கேட்கலாம் என்று காட்டிக்கொடுங்கள். எங்கள் பேத்தியைக் காத்தவர் மூன்றாம் வகையினர்.

ஆதார் குறித்தும் ஒரு சொல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் ஆதாரில் கைரேகையும் கருவிழிப் பதிவும் இடம்பெறுவதில்லை. ஐந்து வயது நிறைந்ததும் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பதினைந்து வயதில் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பதிவின் துணையால், பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்த குழந்தைகள் பெற்றோரிடம் சேர்ந்ததும் உண்டு. பள்ளியில் சேர்க்கும் ஆண்டிலேயே இதை முடித்துவிடுவது நல்லது.

முதல் சில நிமிடங்கள்

இத்தனைக்கும் பின்னர் ஒருநாள் குழந்தை கண்ணில் படாமல் போகலாம். அப்போது வெட்கமும் பழிச்சொல்லும் நேரத்தை விழுங்கிவிடும். நாங்கள் இழந்த ஒன்பது நிமிடங்களில் பாதி, “உன்னிடம்தானே விட்டேன்” என்ற பேச்சிலேயே போயிற்று.

ஒருவர் குழந்தையைக் கடைசியாகக் கண்ட இடத்திலேயே நிற்க வேண்டும். குழந்தை அங்கேயே திரும்பி வரக்கூடும். மற்றவர்கள் திசை பிரித்துக்கொண்டு, முதலில் ஆபத்தான இடங்களுக்கே செல்ல வேண்டும். தண்ணீர், சாலை, தண்டவாளம், படிக்கட்டு, வெளிவாயில் ஆகியவை முதலில். பொம்மைக் கடையும் தின்பண்டக் கடையும் பிறகு. குழந்தையின் பெயரை மட்டும் கூவுவதைக் காட்டிலும், “நான்கு வயதுப் பெண், மஞ்சள் சட்டை, சிவப்புத் தொப்பி” என்று அடையாளங்களை உரக்கச் சொல்வது நல்லது. சுற்றியிருப்போர் அத்தனை பேருடைய கண்களும் அப்போது நமக்குத் துணையாகின்றன. வணிக வளாகமாயின் காவலாளியிடம் உடனே சொல்லி வாயில்களைக் கவனிக்கச் செய்ய வேண்டும்.

அதே வேளையில் ஒருவர் 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் 1996-இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் விரிந்தது. இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். ஓடும் வண்டியிலோ நிலையத்திலோ இருந்தால் 139 என்ற ரயில்வே எண் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படையினர் இத்தகைய குழந்தைகளுக்கெனவே தனித் திட்டம் ஒன்றை நடத்துகிறார்கள். 2018 முதல் 2024 மே வரை நிலையங்களிலும் வண்டிகளிலும் 84,119 குழந்தைகளைக் காத்ததாக ரயில்வே அமைச்சகம் தெரிவித்துள்ளது. வீட்டை விட்டு வந்தவர்களும், பிரிந்தவர்களும், கடத்தப்பட்டவர்களும் அவர்களுள் அடங்குவர்.

ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் புகார் தர வேண்டும் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அது தவறு. காணாமற்போன குழந்தை பற்றிய புகார் வந்தால் வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்திலேயே உத்தரவிட்டுள்ளது. காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது.

பிறர் குழந்தை நம் கண்ணில் பட்டால்

இதன் மறுபக்கமும் நம்முடையதே. நாட்டின் மிகப் பெரிய கூட்டம் கூடும் பிரயாகையின் மேளாவில், 1946-இல் ராஜாராம் திவாரி என்ற பதினெட்டு வயது இளைஞர் வழிதவறிய ஒரு மூதாட்டியைக் கண்டு, அவரைச் சேர்ந்தவர்களைத் தேடிச் சேர்ப்பித்தார். அந்த ஒரு செயலிலிருந்து, காணாமற்போனோரைச் சேர்ப்பிக்கும் முகாம் ஒன்று பிறந்தது. தொடக்கத்தில் தகரத்தால் செய்த ஊதுகுழலில் பெயர்களைக் கூவியே உறவினரை அழைத்தார்கள். 2016-இல் அவர் மறைந்தார், முகாம் தொடர்கிறது. 2025-ஆம் ஆண்டின் மகா கும்பமேளாவில் கணினி வழி மையங்களும் அதனுடன் சேர்ந்து இயங்கின. கருவி மாறியிருக்கிறது, அழும் ஒருவரின் அருகில் நின்று “உன்னுடன் வந்தவர் யார்?” என்று கேட்கும் மனிதர் இன்றும் தேவைப்படுகிறார்.

அவ்வாறு கேட்பதற்கே இப்போது பலர் அஞ்சுகிறார்கள். 2018-இல் குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்திகளால் பல மாநிலங்களில் குற்றமற்றவர்கள் கும்பல்களால் அடித்துக் கொல்லப்பட்டனர். வழிதவறிய குழந்தையின் கையைப் பிடித்தால் நம்மையே சந்தேகிப்பார்களோ என்ற தயக்கம் இயல்பானது. ஆனால் எல்லோரும் விலகிப் போனால் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்?

அஞ்சாமல் உதவ வழி உண்டு. குழந்தையை அந்த இடத்தை விட்டு அழைத்துச் செல்லாதீர்கள். பெற்றோர் அங்கேயே தேடி வருவார்கள். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுங்கள். அருகிலுள்ள கடைக்காரரையோ வேறொரு குடும்பத்தையோ உடன் நிற்கச் சொல்லுங்கள். 112 அல்லது 1098 எண்ணை அழையுங்கள். உரிமை கோரி வருபவரிடம் குழந்தையின் பெயரையும் உடையையும் கேட்டு, குழந்தை அவரை எப்படி எதிர்கொள்கிறது என்பதையும் பாருங்கள். ஐயம் இருப்பின் காவலர் வரும்வரை ஒப்படைக்க வேண்டாம். குழந்தையின் படத்தை எடுத்துப் பலருக்கும் அனுப்புவதைத் தவிருங்கள். பெற்றோரைப் பிரிந்த குழந்தையைக் காண்பவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கோ, உதவி எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் கூறுகிறது.

கட்டும் கயிறும் அன்று, கைவிடலும் அன்று

குழந்தை கிடைத்ததும் முதலில் எழும் உணர்ச்சி பெரும்பாலும் கோபம். அச்சமே கோபமாக மாறி, கைநீட்டி அடித்துவிடுவோரும் உண்டு. கிடைத்ததற்கு அடி என்றால், அடுத்த முறை குழந்தை ஒளிந்துகொள்ளத்தான் கற்கும். அணைத்துக்கொண்டு, “நின்ற இடத்திலேயே இருந்தாயே, நல்ல பிள்ளை” என்று சொன்னால் பாடம் நிலைக்கும்.

காவல் என்பது குழந்தையை எப்போதும் இடுப்பில் வைத்திருப்பதும் அன்று. கடற்கரையில் மணலை அளையவும், பூங்காவில் ஏறி விழவும், கூட்டத்தை வியந்து பார்க்கவும் அதற்கு உரிமை உண்டு. பொறுப்பாளர் ஒருவர் உறுதியாக இருக்கும்போதுதான் குழந்தையை அச்சமின்றி ஓடவிட முடிகிறது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில், ஒப்படைக்கும்போது வாய்விட்டுச் சொல்வது வழக்கமாகிவிட்டது. தொடக்கத்தில் சிலர் நகைத்தார்கள்; சிலர் மறந்தார்கள். சென்ற மாதம் ஒரு திருமண மண்டபத்தில் பந்திக்கு அழைப்பு வந்தது. தாய் எழுந்தாள், அத்தை எழுந்தாள், நாங்களும் எழுந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருக்கையை விட்டு அசையாமல் பேத்தி எங்களை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: “இப்ப நான் யார் பொறுப்பு?”